சுண்ணாம்பு கொட்டப்பட்ட முப்பத்தொரு இட்லிப்பூச் செடிகள்

அனுப்புநர்:
ச. செம்மல் (வயது 27), கருவியியல் பட்டயதாரர்,
இ-பிளாக், வீட்டு எண் 7,
நெய்தல் ஊழியர் குடியிருப்பு,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
பராமரிப்புப் பிரிவு,
நெய்தல் ஊழியர் குடியிருப்பு.

பொருள்: இட்லிப்பூ வேலி சுண்ணாம்பால் பட்டுப்போனது – மீதமுள்ள 9 செடிகளைப் பிடுங்கும் பணியை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது 03.06.2024 நாளிட்ட புகார் மனு (இன்றுவரை பதில் இல்லை).
2. 19.09.2025 அன்று ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

11.08.2025, திங்கட்கிழமை, காலை 6.40 மணி. என் வீட்டின் முன் இருந்த இட்லிப்பூச் செடிகள் 31. இன்று காலை அதே நேரத்தில் எண்ணினேன். உயிருள்ளவை 9.

1. அன்று, சுதந்திர தினக் கொடியேற்றத்துக்காக ஒப்பந்தப் பணியாளர்கள் சாலையோரம் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மிஞ்சிய மூன்று மூட்டையைச் செடிகளின் தூரில் கொட்டினார்கள். தடுத்தேன். "பூச்சி வராது தம்பி. பார்க்கவும் பளிச்சுனு இருக்கும்ல?" என்றார் மேற்பார்வையாளர். மாலையில் வந்து அள்ளிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போனேன். அது என் தவறு. மதியமே மழை பெய்து சுண்ணாம்பு மண்ணில் இறங்கிவிட்டது.

2. இட்லிப்பூ புளிப்பு மண்ணில் வளரும் செடி. நம் குடியிருப்பின் சுண்ணாம்புச் சத்துள்ள ஆழ்குழாய்த் தண்ணீரே அதற்கு ஆகாது. எனவே மூன்று வருடமாக, அலுவலக ஏ.சி.யில் சொட்டும் நீரைக் கேனில் பிடித்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து ஊற்றினேன். மண்ணின் பி.எச். அளவு 5.8-ல் நின்றது. இப்போது 8.6. மீட்டர் என்னுடையது, இருமுறை சரிபார்த்தேன். அந்த அளவில், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை வெளுத்தது. பிறகு உதிர்ந்தது.

3. பார்வை 1-ல் கண்ட மனுவில், குடியிருப்போர் அனுமதியின்றிப் பூப்பறிப்பதாகவும் கம்பிவேலி வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். சாமிக்குப் பறிக்கும் டி-பிளாக் நிர்மலாதேவி அம்மா, மறைந்த மனைவி ரோசா அவர்களின் படத்துக்குப் பறிக்கும் பக்கத்து வீட்டு சூசைநாதன் ஐயா ஆகிய இருவரையும் பெயர் சொல்லி, வந்த நேரங்களை அட்டவணையாக இணைத்திருந்தேன்.

4. அந்த மனு தொழில்நுட்ப ரீதியில் தவறு. கொத்தைக் கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும். அவர்கள் பறித்த பக்கம் செடிக்குச் சராசரி 40 கொத்து. கை படாத பக்கம் 16. சம்பளமில்லாமல் கவாத்து செய்தவர்கள் மீது நான் புகார் கொடுத்திருக்கிறேன்.

5. பதிவுக்காக ஒரு விவரம். வீட்டில் நான் ஒருவன்தான். இங்கு வந்த மூன்று வருடத்தில் என் வாசலுக்கு வந்தவர்கள் இந்த இருவர் மட்டுமே. "தம்பி, சாப்ட்டியா? நாலு கொத்து கிள்ளிக்கறேன்பா" என்பார் அம்மா. நான் 'பூ பறிக்காதீர்' பலகையைக் கைகாட்டுவேன். அப்போதும் சிரித்துக்கொண்டே கிள்ளுவார். 20.08.2025-க்குப் பிறகு பூ இல்லை. 33 நாட்களாக எவரும் வரவில்லை. அழைப்பு மணி பழுதோ என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

6. வேலி முழுவதும் பட்டுப்போனதாகவும், 26.09.2025 அன்று பிடுங்கிவிட்டு பேவர் கல் பதிக்கப்படும் என்றும் தங்கள் அறிவிப்பு சொல்கிறது. முழுவதும் என்பது தவறு. ஒன்பதிலும் தளிர் இருக்கிறது, நேரில் காட்டுகிறேன். இழப்பீடு கேட்கவில்லை. அந்த ஒன்பதின் மேல் கடப்பாரை படாதபடி எழுத்துப்பூர்வமாக உத்தரவிட்டால் போதும். உத்தரவு வரும்வரை சும்மா இருக்க முடியாததால் நான் செய்யப்போவது:

(1) ஒன்பது செடிகளின் தூரைச் சுற்றி ஓரடி அகலத்துக்குச் சுண்ணாம்பு மண்ணை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மட்கும் நிரப்புவேன்.
(2) இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளிப்பேன்.
(3) தளிர் முற்றியதும் 22 குச்சி வெட்டி நட்டு, எண்ணிக்கையை 31 ஆக்குவேன்.
(4) பார்வை 1-ல் கண்ட மனுவை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பலகையை இன்றே கழற்றுவேன்.
(5) முதல் கொத்து பூத்ததும் டி-பிளாக்கிலும் பக்கத்து வீட்டிலும் நானே போய் மணி அடிப்பேன். அவர்கள் வீட்டு மணி பழுதாக இருந்தால் சரிசெய்து கொடுப்பேன்.

இடம்: புதுச்சேரி
நாள்: 22.09.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ச. செம்மல்