அவருடையதே அவருக்கு

9 ஜூன் 2012, சனி. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி.
விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. வாங்க: சோப்பு, மூடி போட்ட பாத்திரம், எனக்கு மாஸ்க்.

மறக்காமலிருக்க டாக்டரம்மா சொன்னது: இவருக்கு ரத்தப் புற்று. கொழுந்தன்மார் இரண்டு பேரின் ஸ்டெம் செல்லும் பொருந்தவில்லை. நோய் அடங்கியிருந்தபோது இவர் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் பிரித்து உறைய வைத்திருக்கிறார்கள். இப்போது கடும் மருந்து. திங்கள் அந்தச் செல்லைத் திருப்பி ஏற்றுவார்கள். பிடித்தால்தான் இனி ரத்தம் ஊறும். பிடிக்காவிட்டால் என்னவென்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

11, திங்கள்.
ஏற்றியாயிற்று. சின்னப் பை. இதற்கா இவ்வளவு பாடு. அறை முழுக்க ஒரு வாடை. மருந்து வாடை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள் நர்ஸ். கருங்கல் சந்தையில் மீன் விற்கிற என்னிடம். இவர் கண்ணைத் திறக்காமலே, "சிப்பி அவிச்ச மணமாக்கும்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

14, வியாழன்.
எங்கள் ஊர் இனயத்திலிருந்து இவர் வள்ளத்து ஆட்கள் அத்தனை பேரும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். கடலுக்குப் போகவில்லை. வெள்ளை வேட்டி, பெருநாளுக்குப் போல. இவருக்கு, அவர்கள் சூசைக்கு, செல் கொடுக்க வேண்டுமாம். அவருடையதையே ஏற்றியாயிற்று என்றேன். கூட வந்த அந்தோணி அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவனுக்கு உள்ளத அவனே குடுக்கணும்னா, நாங்க என்னத்துக்கு இருக்கோம்? ஒரே வள்ளத்துல கெடந்தவங்களாக்கும்."

டாக்டரம்மாவிடமே சண்டைக்குப் போனார். ப்ளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதைக் கொடுங்கள் என்று டாக்டரம்மா ரத்த வங்கிக்கு அனுப்பினார். அங்கே யார் முதலில் என்று அடுத்த சண்டை. "நேத்து குடிச்சவன் தள்ளி நில்லுலே." இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு விலகினார்கள். இவருக்கென்று கொண்டுவந்த சூரை மீன் குழம்பு அறைக்குள் கூடாது. நர்ஸ்கள் தின்றார்கள். எனக்கு இன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எவளுக்கு இப்படி ஒரு கரைச் சனம் உண்டு.

18, திங்கள்.
காய்ச்சல். வாயெல்லாம் புண். எச்சில்கூட இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளணு இல்லையென்றே சொல்லலாம். ஜெபமாலை பாதியில் கோபம் வந்து, ஏன் இப்படி என்று மாதாவையே கேட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது.

பார்த்துக்கொண்டு கிடந்தவர் சொன்னார்: "பேடிக்காத மக்கா. என் ரத்தமாக்கும். என்ன விட்டு எங்க போவும்?"

21, வியாழன்.
காய்ச்சல் அப்படியே. மழையும்.

23, சனி.
வெள்ளணு ஏறுகிறது. நேற்றும் ஏறியது, இன்றும். "சொந்தம் செல் பிடிச்சு, கேட்டோ" என்றார் டாக்டரம்மா, தன் மலையாளத்தில். கையெடுத்துக் கும்பிட்டேன். எங்க ஆளு பிழைத்துவிட்டார். அவருடையதே அவரைக் காப்பாற்றிவிட்டது.

அந்தோணி அண்ணனுக்குப் போன் செய்தேன். அதுதான் தப்பு. கேட்ட சந்தோஷத்தில் மனுஷன் ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்துவிட்டார். நேரங்கெட்ட நேரத்தில் மணி கேட்டால் எங்கள் ஊரில் சாவு என்றுதான் அர்த்தம். ஊரில் ஆஸ்பத்திரியில் கிடப்பது இவர் ஒருவர்தான். பெண்கள் மாரடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மாமியாருக்குப் போன் போட்டால் முற்றம் முழுக்க ஒப்பாரி. நான் கத்துவது யார் காதிலும் ஏறவில்லை. போனை ஸ்பிரிட்டால் துடைத்து இவர் வாயருகில் பிடித்தேன்.

இவர் கேட்டுக்கொண்டே கிடந்தார். எவ்வளவு பேர். தன் சாவுக்கு அழுவதை உயிரோடு கேட்க யாருக்குக் கொடுத்துவைக்கும். இவர் கண் நிறைந்துவிட்டது.

பிறகு அந்தப் புண் வாயைத் திறந்து, "அம்மா, நானாக்கும்" என்றார்.

அந்தப் பக்கம் ஒப்பாரி பாதியில் அறுந்தது.