தாளின் இடப்பக்கம்

விவேக் நகர்,
பெங்களூர்.
7-11-1999

அன்பு மகள் மௌரீனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. குழந்தை இயேசுவின் காவலில் நீயும், மஸ்கட் ஆஸ்பத்திரியில் உன்னோடு இருக்கும் நர்ஸ் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலம். ஆகஸ்டில் எனக்கு ஸ்ட்ரோக் வந்தபோது லீவு கிடைக்கவில்லை என்று போனில் அழுதாயே, அதெல்லாம் பழைய கதை. கை தேறிவிட்டது, நடை தேறிவிட்டது. வாய்க்கு முதலிலிருந்தே ஒன்றும் ஆகவில்லை என்று உன் அம்மாவே சாட்சி சொல்வாள்.

மிச்சம் இருப்பது ஒரு வேடிக்கைதான். எனக்கு இடப்பக்கத்தில் இருப்பவை தெரிவதில்லையாம். தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியாததால்தான் இந்த 'ஆம்' போடுகிறேன். பாதி முகத்துக்கு மட்டும் ஷேவ் செய்திருக்கிறேன் என்கிறாள் அம்மா. கண்ணாடியில் பார்த்தால் முழு முகமும் பளபளவென்றுதான் இருக்கிறது. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று கண் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நரம்பு டாக்டர் வேதநாயகியிடம் சண்டைக்கே போனேன். இடப்பக்கம் காணாமல் போயிருந்தால் அங்கே இருட்டாகவாவது தெரிய வேண்டாமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருட்டாகவா தெரிகிறது என்று திருப்பிக் கேட்டார். நீயும் யோசித்துப் பார். அங்கே இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அப்படி ஒரு பக்கம் இருக்கிற நினைப்பே வருவதில்லை.

அவர் சொன்னதைப் பிரஸ்காரன் புத்தியில் இப்படிப் புரிந்துகொண்டேன். கண் கொண்டுவந்து கொடுப்பது வெறும் கையெழுத்துப் பிரதி. மூளைக்குள் அதை அச்சுக்கோர்த்து, தாளாக்கி நம்மிடம் நீட்டுகிறார்கள். உலகம் என்று நாம் வாசிப்பது அந்தத் தாளைத்தான். எனக்கு இடப்பக்கம் கோர்க்கிற ஆள் லீவில் போய்விட்டான். மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், காலி இடம் தெரியாமல் பக்கத்தை முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வாசிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அதற்கும் டாக்டர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். எதையும் அரைச் சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். போன ஞாயிறு ஒரு ஞானஸ்நான விருந்தில் எனக்கு மட்டும் உப்பும் ஊறுகாயும் வைக்கவில்லை என்று பரிமாறியவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். சோறு விழுவதற்குள் அம்மா இலையைப் பிடித்து அப்படியே திருப்பினாள். உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

உன் கல்யாண வேலையெல்லாம் என் கையில்தான். கார்டின் புரூஃபை நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷம் புரூஃப் பார்த்த கண், ஒரு புள்ளி தப்பாது. மாப்பிள்ளை டென்சில் வீட்டாருக்கும் கார்டு பிடித்திருக்கிறது. ஜனவரி பத்தாம் தேதி, நம் பங்குக் கோவில் வழக்கப்படி நீ என் இடக்கையைப் பிடித்துக்கொள்ள, பீடம் வரைக்கும் உன்னைக் கூட்டிப்போகப் போவது நான்தான். இதில் யாரும் வேறு யோசனை சொல்ல வேண்டாம்.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா ரெமிஜியஸ்

*

(அதே தாளின் இடப்பக்கத்தில்)

மௌரீன் கண்ணு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் வரிகளெல்லாம் தாளின் நடுவில் தொடங்குகின்றன, கவனித்தாயா? இந்தப் பாதியை அவர் பார்க்கவே இல்லை. தனித்தாளில் எழுதினால் கவரைத் தடவியே கண்டுபிடித்துவிடுவார், தபாலில் சேர்ப்பது அவர் வேலை. அதனால்தான் அவர் விட்ட இடத்தில் எழுதுகிறேன்.

கார்டில் உன் பெயரே 'மளரீன்' என்று இருந்தது. வரியின் தொடக்கத்தில் உன் பெயர். முன்னால் நிற்க வேண்டிய கொம்பு விழுந்துவிட்டது. அடுத்த வரியில் தேவாலயம், 'தவாலயம்' ஆகியிருந்தது. எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிற கொம்பு அப்பாவுக்கு எப்படித் தெரியும்? 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிரஸ்ஸில் சண்முகம் கவனித்து என்னிடம் காட்டினார், நான் திருத்திக் கொடுத்தேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

போன வாரம் தெருமுனையில் ஆட்டோவுக்கு நேராகப் போய் நின்றார். டிரைவர் 'ஸ்வல்ப நோடி சார்', கொஞ்சம் பாருங்கள் என்று கன்னடத்தில் கத்த, இவர் ஆட்டோவை வலப்பக்கத்தில் தேடினார். அது கூடப் பரவாயில்லை. கோவிலில் ஒத்திகை பார்க்கலாம் என்று உனக்குப் பதிலாக நான் அவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் நின்று, அல்போன்சா எங்கே போய்விட்டாள் என்று உபதேசியாரிடம் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், கண்ணு. உபதேசியாருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, சுற்றிப் போய் வலப்பக்கம் நின்று, இப்போதுதான் வந்தேன் என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னால் உன்னையும் அப்படித் தேடிவிட்டால் என்ன செய்வது? இன்னாசி சித்தப்பா உன்னைக் கூட்டிப்போகட்டும். நீயே கேட்டால் அப்பா சம்மதிப்பார். நான் சொன்னால் உடைந்துபோவார்.

இன்னொன்று. சாப்பாட்டு மேஜையில் உன் போட்டோவை அவருக்கு இடப்பக்கமாக வைத்திருந்தேன். அங்கே போட்டோவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். ஆனால் அது இருக்கிற நாளில்தான் உன் பேச்சை எடுக்கிறார். போட்டோவை எடுத்துவிட்டால் அரிசி, கிரிக்கெட், கரண்ட் கட் பேச்சுத்தான். டாக்டரிடம் சொன்னேன். நடக்கக்கூடியதுதான், பார்த்தது மூளைக்குள் போய்ச் சேர்கிறது, அவருக்குத்தான் சேதி வருவதில்லை என்றார். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா

*

(தாளின் பின்பக்கத்தில்)

மௌரீன்,

கவரில் போடுவதற்கு முன், டாக்டர் சொன்னபடி இந்தத் தாளையும் அரைச் சுற்றுத் திருப்பினேன். உன் அம்மாவின் கையெழுத்து தலைகீழாக நின்றது. அவள் ஒன்றை மறந்துவிட்டாள். உன் அப்பா பதினாறு வயதில் அச்சுக்கோர்க்கப் போனவன். தலைகீழாக வாசித்தே சம்பளம் வாங்கியவன்.

மளரீன்! நான் வைத்த பெயரை நானே கொம்பொடித்து அனுப்பப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அதை விடு, கார்டு திருந்திவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் காணோம் என்று தேடியிருக்கிறேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போதுதான் வந்தேன் என்று அவள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சொன்ன எதைத்தான் நம்பவில்லை?

சித்தப்பா வேண்டாம். உன்னைக் கூட்டிப்போவது நான்தான், அதில் மாற்றமில்லை. வழக்கத்தைத்தான் மாற்றப் போகிறோம். நீ என் வலப்பக்கம் வா. பங்குச்சாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் முகத்தைப் பார்க்காமல் அந்த நடையை நடக்க எனக்கு மனசு வராது. இடப்பக்கம் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும். அவளை நான் பார்க்க மாட்டேன். அவள் பிடித்திருப்பதும் தெரியாமல் போகலாம். ஆனால் அவள் அங்கேதான் நிற்கிறாள் என்று இப்போது எழுத்தில் படித்துவிட்டேன்.

நான் தாளைத் திருப்பியது அவளுக்குத் தெரிய வேண்டாம். இது உன் யோசனை போலவே போன் செய்து அவளிடம் சொல்.

அன்றைக்குப் பாதி வழியில் நான் நின்று, அல்போன்சா எங்கே என்று கேட்டால் பயப்படாதே. அம்மா உங்க கையைத்தாம்ப்பா பிடிச்சிட்டிருக்காங்க என்று என் வலது காதில் மெதுவாகச் சொல். நான் நம்புவேன், நடப்பேன்.

ஆண்டவர் உன் இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

அப்பா