பெயர்கள் நகர்ந்தன, இடங்கள் நகரவில்லை

பெப்ரவரி 3, திங்கள்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் வாசியுங்கள், ஆனால் ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். இது என் விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கம். முன்பக்கத்தில் ஒளித்தொகுப்பு இருக்கிறது. அதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

அம்மா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கலைப்பீடத்து இறுதி வருட மாணவர்களை ஆறு கிழமை தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் இணைப்பாளரும் அவர்தான். யாரை எங்கே அனுப்புவது என்று இரண்டு மாதம் யோசித்து, ஒவ்வொரு இடத்துக்கும் போய்க் கெஞ்சி, இருபத்தாறு பேருக்கும் இடம் பிடித்து, ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பிறகு ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது கை முறிந்தது. அப்பா கட்டாரில். ஆகவே கணினியில் பட்டியல் அடித்தது நான்.

"பேரெல்லாம் அகர வரிசையில வரட்டும் மேனு," என்றார். நான் பெயர் இருந்த நிரலை மட்டும் தெரிவுசெய்து அழுத்தினேன். பெயர்கள் சிட்டாகப் பறந்து தங்கள் தங்கள் இடத்தில் நின்றன. பக்கத்து நிரலில் இருந்த பயிற்சி இடங்கள் அசையவே இல்லை.

அந்தப் பட்டியலிலிருந்துதான் கடிதங்கள் வந்தன. அம்மா இடது கையால் இருபத்தாறு கையெழுத்து வைத்தார். கையெழுத்துக் கோணாமல் இருக்கவேண்டும் என்பதிலேயே கண். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

இன்றுதான் முதல் நாள். பின்னேரம் அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. மெய்யியல் படிக்கும் நிலோஜன் அண்ணா. பத்திரிகை அலுவலகத்துக்குப் போயிருக்கவேண்டியவர். வெள்ளைச் சேட், கழுத்துப்பட்டி, தலையிலிருந்து சப்பாத்து வரை உமி. "மெடம், கரடியனாறு நெல்லு மில்லுக்கு வந்து சேர்ந்திட்டன்."

தாளையும் பட்டியலையும் வைத்துப் பார்த்தேன். இரண்டே இரண்டு பேர் சரியான இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அதுவும் தற்செயல்.

தாள் இப்போது என் புத்தகப் பைக்குள்.

பெப்ரவரி 4

சுதந்திர தினம். லீவு. ஒருவரும் எங்கும் போகவில்லை. இந்த நாட்டை நான் இவ்வளவு நேசித்ததே இல்லை.

பெப்ரவரி 5, புதன்

பழுகாமத்துத் தனுஷா அக்கா. தமிழ் சிறப்புக் கற்கை. அவவுக்கு அம்மா யோசித்து வைத்தது வீட்டுக்குப் பக்கத்து நூலகம். நான் அனுப்பியது பாசிக்குடா ஹோட்டலுக்கு. ஹோட்டலுக்குப் பக்கத்தில், ஓட்டமாவடியில் இருக்கும் ஸியாம் அண்ணாவை அனுப்பியது பழுகாமம் நூலகத்துக்கு. இரண்டு பேரும் ஒவ்வொரு காலையும் எங்கேயோ வழியில் எதிரெதிர் பஸ்ஸில் கடந்துபோவார்கள். கண்ணாடியால் பார்த்துக் கை காட்டுவார்களோ?

தனுஷா அக்கா அனுப்பிய செய்தி: "மெடம், மூன்று பஸ் மாறிப் போறன். விடிய நாலரைக்கு வெளிக்கிட வேணும். இடத்த மாத்த ஏலுமா?"

அம்மா குளித்துக்கொண்டிருந்தார். வழமையாக அவர் சொல்லச் சொல்ல நான்தான் பதில் அடிப்பது. இன்று அவர் சொல்லாமலே அடித்தேன். "போன இடத்தில் இருந்து பாருங்கள். ஏன் அனுப்பினேன் என்பது போகப் போகத் தெரியும்."

எனக்கே தெரியாது ஏன் அனுப்பினேன் என்று! அனுப்பிவிட்டு, இரண்டு செய்தியையும் அம்மாவின் போனிலிருந்து அழித்தேன். 

பெப்ரவரி 7

அந்த வசனம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறதாம். யாரோ பின்னால் சூரிய உதயப் படம் போட்டிருக்கிறார்கள். கீழே அம்மாவின் பெயர்.

இருபத்து நான்கு பேரில் ஒருவருக்குக்கூட இது பிழையாக இருக்கும் என்று தோன்றவில்லையா? இல்லை. மெடம் போட்டால் ஏதோ காரணம் இருக்குமாம். காரணம் புரியாதவர்கள், நல்ல இடமெல்லாம் ஆள் பிடித்தவர்களுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். நெல்லு மில்லுக்கு எந்த ஆளைப் பிடிப்பது?

பெப்ரவரி 11, செவ்வாய்

இணைப்பாளர் ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதவேண்டும். அம்மாவுக்கு எழுத முடியாதே. பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். முதல் இடமே கரடியனாறு. நான் வழியில் இரண்டு தரம் வாந்தி வருகிறது என்றேன். இரண்டு தரமும் ஓட்டோவை நிறுத்தித் தேசிக்காய் வாங்கித் தந்தார்.

அறுவடைக் காலம். மில் முழுக்க மூட்டை. முதலாளி ஏறாவூர் முனாப் ஹாஜியார். அம்மாவைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"பொடியன் தங்கமான பொடியன் மெடம். களவு இல்ல, பொய் இல்ல. ஆனா கேள்வி கேக்கான்."

"என்ன கேள்வி?"

"நெல்லக் குத்தினா அரிசி. அப்ப நெல்லு எந்த இடத்தில முடியுது, அரிசி எந்த இடத்தில தொடங்குது எண்டு கேக்கான். நான் முப்பது வருசமா மில் நடத்துறன். ராவு நித்திர வருகுதில்ல மெடம்."

நிலோஜன் அண்ணா மூட்டைக்குப் பின்னாலிருந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டார்.

"மேனு, நிலோஜன நான் இங்கயா போட்ட?"

"ஓம்மா. லிஸ்ட்டில அப்பிடித்தான் இரிக்கி."

பொய் இல்லை. லிஸ்ட்டில் அப்படித்தான் இருக்கிறது.

 வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமாரி, மேசை, மெத்தைக்குக் கீழ் எல்லாம் தேடினார். "நான் எழுதின தாள் ஒண்டு இருந்ததே புள்ள. எங்க வச்சனோ தெரியல்ல."

பெப்ரவரி 13

வல்லாரைச் சம்பல். நேற்றும் வல்லாரை. காலையில் வல்லாரைக் கஞ்சி. தனக்கு மறதி வருகிறது என்று அம்மா நினைக்கிறார். பரம்பரையில் வரக்கூடும் என்று எனக்கும் சேர்த்துத் தருகிறார். எனக்கு எதுவும் மறக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

இன்னொரு அடி. பீடக் கூட்டத்தில் பீடாதிபதி அம்மாவைப் பாராட்டினாராம். மாணவர்களைப் பழகிய வட்டத்துக்கு வெளியே அனுப்பும் புதிய முறையாம். அதைப் பற்றி நான்கு பக்க அறிக்கை வேண்டுமாம்.

"நீங்க என்ன சொன்னீங்க அம்மா?"

"தேங்க்யூ சேர் எண்டன். வேற என்னத்தச் சொல்ற?"

பெப்ரவரி 15, சனி

இன்று தனுஷா அக்காவின் அப்பா வந்தார். அருமைநாயகம் என்று பெயர். கையில் ஒரு சட்டி தயிர். இருக்கச் சொன்னால் இருக்கவில்லை.

"மெடம், நான் சண்டைக்கு வரல்ல," என்றார். "புள்ள விடிய இருட்டோட போகுது, ராவு ஏழரைக்கு வருகுது. நான் பட்டிருப்புச் சந்தியில சைக்கிளோட நிக்கன். அது பரவாயில்ல. ஒண்டு மட்டும் சொல்லுங்க. புள்ளயில ஏதும் பிழையா? அதுக்குத்தான் தூரத்தில போட்ட நீங்களா? எங்களுக்கிட்ட அது ஒண்டும் சொல்லுதில்ல."

  "உங்கட மகள் நல்ல புள்ள. நான்... யோசிச்சுத்தான் போட்டிருப்பன்," என்றார் அம்மா.

போட்டிருப்பன்! தான் செய்ததைத் தானே ஊகிக்கிற மாதிரி. நான் குசினியில் தயிரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிசன் பன்னிரண்டு நாளாத் தன்ர மகள் என்ன பிழை செய்தாளோ எண்டு யோசிச்சுக்கொண்டு சந்தியில நிண்டிருக்கார். பிழை செய்த நான் இஞ்ச அவர்ர தயிரத் தின்னுறன். இல்ல, தின்னல்ல. தின்ன ஏலல்ல.

பெப்ரவரி 16, ஞாயிறு

காலையில் அம்மா என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினார்.

"அடி மேனு. பீடாதிபதி அவர்கட்கு. நினைவாற்றல் குறைவு காரணமாக, தொழிற்பயிற்சி இணைப்பாளர் பொறுப்பிலிருந்து விலக..."

'நினைவாற்றல்' வரை அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. எழும்பிப் போய்ப் புத்தகப் பையிலிருந்து தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நிரல், அகர வரிசை, தனுஷா அக்காவுக்கு அனுப்பிய வசனம், எல்லாம்.

அம்மா தாளைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"அப்ப என்ர தல நல்லாத்தான் இரிக்கா?"

"ஓம்மா."

சிரிக்கத் தொடங்கினார். முறிந்த கையில் போட்ட மாக்கட்டு மேசையில் இடிபட இடிபடச் சிரித்தார். நானும் பயந்து பயந்து சிரித்தேன். சட்டென்று நிறுத்தினார்.

"அஞ்சு நாளா வல்லார தின்டன் நான்! அஞ்சு நாள்!"

செருப்பு இடது கையால் வந்தது. குறி தப்பி மீன்தொட்டியில் விழுந்தது. மீனுக்கு ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 17

தண்டனை: இருபத்து நான்கு பேருக்கும் நானே போன் எடுத்து, பிழை என்னுடையது, விருப்பமானவர்கள் இடம் மாறலாம் என்று சொல்லவேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தார், ஒரு சொல்லும் உதவவில்லை.

ஒன்பது பேர் மாறக் கேட்டார்கள். ஒரு அக்கா பத்து நிமிடம் ஏசிவிட்டு, எத்தனையாம் ஆண்டு என்று கேட்டு, நல்லாப் படி என்றா. நாடகம் படிக்கும் ஒரு அண்ணா பிரதேச செயலகத்தில் இருக்கிறார். அவர் வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டால் கடைசி வரிசைக்கும் கேட்கிறதாம், விடமாட்டோம் என்கிறார்களாம். நிலோஜன் அண்ணாவும் மாட்டாராம். "ஹாஜியார் என்னட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கார் தங்கச்சி. அதுக்கு மறுமொழி சொல்லாம வர ஏலா."

தனுஷா அக்கா நாளை முதல் நூலகத்துக்கு. நான் சொல்லி முடித்ததும் போனை அவவின் அப்பா வாங்கினார்.

"அப்ப எங்கட புள்ளயில பிழை ஒண்டும் இல்ல?"

"இல்ல மாமா. என்னிலதான்."

"ம்." பிறகு கேட்டார். "தயிர் புளிச்சுப்போச்சா மகள்?"

பெப்ரவரி 20, வியாழன்

அம்மா நேற்று பீடாதிபதியைச் சந்தித்தார். என்ன நடந்தது என்று கேட்டால், "கதைச்ச, முடிஞ்சுது," என்கிறார். முடியவில்லை. இன்று தனுஷா அக்கா புதிய கடிதத்தை வாங்க வீட்டுக்கு வந்தா. நேற்று அந்தக் கடிதத்துக்காகப் பீடத்துக்குப் போயிருந்தவ, பீடாதிபதியின் அறைக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்தாவாம். எல்லாம் கேட்டதாம்.

அப்ப அந்த மில்லும் ஹோட்டலும் புதிய முறை இல்லையா, வெறும் பிழையா என்று பீடாதிபதி சத்தம் போட்டாராம். பட்டியலை அடித்தது யார் என்று கேட்டாராம்.

"கையெழுத்து என்ர சேர். பிழையும் என்ரதான்," என்றாராம் அம்மா. என் பெயரைச் சொல்லவே இல்லை. நாளை பின்னேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கவேண்டுமாம். அதன் பிறகுதான், பொறுப்பு அம்மாவிடமே இருக்குமா, வேறு ஆளுக்குப் போகுமா என்று தீர்மானிப்பாராம்.

அம்மா அப்படிச் சொன்னது சரியா? வாசிக்காமல் கையெழுத்து வைத்தது அவர் பிழை. சரி. ஆனால் அது அரைப் பிழை. மற்ற அரையை என்ன செய்வது? எனக்குப் பீடாதிபதி என்றாலே பயம். ஒருமுறை விளையாட்டுப் போட்டியில் கண்டிருக்கிறேன், மீசை பெரிது. இருந்தாலும் நாளை பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன். அம்மாவோடு பீடத்துக்குப் போகிறேன். இதை முதலில் இங்கே எழுதிப் பார்த்து, பிறகு நல்ல தாளில் எழுதவேண்டும்.

ஐயா,

அந்தப் பட்டியலை அடித்தது நான். பத்தாம் ஆண்டில் படிக்கிறேன். அம்மா எழுதிய தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அதை இத்துடன் இணைத்துள்ளேன். அதை ஒளித்து வைத்ததும் நான்தான். அம்மா இரண்டு மாதம் இடம் இடமாக அலைந்தது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். அம்மா மாதிரி வேறு யாரும் இதை

கதவு தட்டுப்படுகிறது. அம்மா.

ஒரு நிமிசம்மா, முழிப்புத்தான். பேர மட்டும் போட்டிட்டு வாறன்—