கரட்டுப் பாதையில் ஓடியதற்கு நீ கேட்ட மன்னிப்பு

சேசு மரி சூசை

மாதா கரடு அடிவாரம்,
நாமகிரிப்பேட்டை வழி.
தவக்காலம் ஐந்தாம் வாரம், செவ்வாய்.

அன்பு மகன் ஜோஸ்வாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அக்சிலியாவும் பாப்பாவும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் மன்றாடுகிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப்போவது எதுவும் சுகமாக இருக்காது. போன வாரத்திலிருந்து அம்மா போனை எடுப்பதில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நடுவில் புகுந்து ஒன்பது சொல்லுவாய், கடைசியில் நானே உன்னைச் சமாதானப்படுத்திவிட்டு வைப்பேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அக்சிலியாவின் எண்ணுக்குத்தான் அனுப்பப் போகிறேன், உன் எண்ணுக்கு அல்ல. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீ வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இங்கே மஞ்சள் வெட்டு நடக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் மஞ்சள் வேகிற வாசம், துணியைக் கொடியில் போட்டால் அதிலும் ஏறிக்கொள்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனாலும் இதுவரை சமாளிக்கிறோம். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தது நல்லபடியாக ஆறி வருகிறது, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் கட்சித் தலைவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், சொட்டு மருந்து விட நான்தான் பின்னாலேயே அலைகிறேன். பாப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை என்று அக்சிலியா சொன்னாள், ஓமத்தைக் கொதிக்க வைத்து வடிகட்டி இளஞ்சூட்டில் கொடுங்கள், ஹீட்டரை விடிய விடியப் போட்டு வைக்காதீர்கள், தொண்டை காய்ந்துபோகும். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி உன் செய்திக்கு வருகிறேன்.

நம் கோயில் பங்கு வாட்ஸப் குரூப்பில் நீ போட்ட வாய்ஸ் மெசேஜை நான் என் போனில் கேட்கவில்லை தெரியுமா. வெங்காயம் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் போனில் கேட்டேன். திரும்பி வரும்போது மாதா சொரூபம் இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி விற்கிறவள் போனிலும் அதே குரல். வெளிநாட்டிலிருந்து என் பையன் பேசுகிறான், யாரிடம் பேசுகிறான் என்று நின்று பார்த்தால் ஊரிடம் பேசுகிறாய், என்னைப் பற்றிப் பேசுகிறாய். "எங்கம்மா தெரியாமப் பண்ணிட்டாங்க. குடும்பத்து சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன். இனிமே ஓடமாட்டாங்க." கையில் வெங்காயப் பையோடு நடுரோட்டில் நின்றேன்.

என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன், படி. சர்க்கரை ஏறிப்போய் நடக்கச் சொன்னார் டாக்டர், நடந்தேன். நடந்து நடந்து ஒருநாள் மழைக்குப் பயந்து ஓடினேன், ஓட்டம் பிடித்துவிட்டது, விட மனசில்லை. நீதான் லீவில் வந்தபோது, அம்மா ஓடறீங்களா என்று சிரித்து, சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஷூ வாங்கித் தந்தாய். பக்கத்து வீட்டுத் தனப்பிரியாவும் சேர்ந்துகொண்டாள், சேகோ மில்லில் ஜவ்வரிசி வறுக்கிற வேலைக்குப் போவதற்கு முன்னால் என்னோடு வருவாள்.

அவளும் நானும் எங்கே ஓடுவது? நீ அங்கே பார்க், ஆற்றங்கரை என்று படம் போடுகிறாய், இங்கே என்ன இருக்கிறது சொல். ஏரிக்கரையில் ஓடிப் பார்த்தோம், மேற்கே திரும்பினால் சேகோ மில் கழிவுத் தண்ணீர், மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும், மூச்சு வாங்கவே மூக்கு போதவில்லை. கோழிப்பண்ணைப் பக்கம் மண் ரோடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் செத்த கோழி தின்று பழகிய நாய்கள் அங்கே படுத்திருக்கும், அதில் ஒன்று துரத்தித் தனப்பிரியா மஞ்சள் காட்டுக்குள் விழுந்து முழங்கால் பெயர்ந்துவிட்டது. தார் ரோட்டில் ஓடினால் கிழங்கு லாரி, காலேஜ் பஸ், அதைவிட மோசம் பேக்கரி வாசலில் நிற்கிற ஆண்பிள்ளைகள். என் வயசுக்கு என்னைப் பார்த்து விசில் அடிக்கமாட்டார்கள், சிரிப்பார்கள், அதுவும் தனப்பிரியாவைப் பார்த்து அடிக்கிற விசிலும் எனக்கு ஒன்றுதான். கடைசியில் மிச்சம் இருந்தது பதினாலு நிலைகளோடு கரட்டுக் குன்றைச் சுற்றிப் போகிற சிலுவைப்பாதைதான். விளக்கு இருக்கிறது, நாய் கிடையாது, எந்த நேரமும் நாலு பெண்பிள்ளைகள் செபமாலையோடு போவார்கள் வருவார்கள். தெரியாமல் ஒன்றும் ஓடவில்லை. முதல் நாளே ஃபாதரிடம் கேட்டேன், நிலைகளுக்கு முன்னால் முழந்தாளிட்டிருப்பவர்கள் பக்கத்தில் மட்டும் நடந்து போங்கள், மற்றபடி மாதாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படித்தான் செய்தேன். அந்தப் பாதையில் முதல் நிலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஏறுகிறவர்கள் நேர்ந்துகொண்டு பொருத்தனை இருக்கிறவர்கள், எனக்குத் தெரியாதா, நீ பிறப்பதற்கு முன்னால் உனக்காக நானும் அப்படி ஏறியவள்தான். அவர்கள் ஏறுவது கல் படி. நான் ஓடுவது பக்கத்து மண் தடம், அதில் பைக் போகிறது, தண்ணீர் டேங்க் டிராக்டர் போகிறது. பங்குப் பேரவைத் துணைத்தலைவர் இன்னாசிமுத்து அண்ணன் பன்னிரண்டாம் நிலை வரைக்கும் ஸ்கூட்டரிலேயே போகிறார், டயரைக் கழற்றிவிட்டா போகிறார்?

நீ வாய்ஸ் போடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எடப்பாடிப் பக்கத்திலிருந்து தறிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள், ராசிபுரத்தில் பஸ் இறங்கி அங்கிருந்து நடந்தே வந்த கூட்டம். நான் அவர்களைத் தாண்டி ஓடினேன். அதில் ஒரு பெண், அக்கா மெதுவாங்க, மாதா எங்கியும் போயிரமாட்டாங்க என்று கேலி பேசினாள், நானும் சிரித்தேன், மேலே போய் அவர்களுக்குக் குழாயடியைக் காட்டினேன். எவனோ பின்னால் நின்று நான் ஓடியதைப் படம் எடுத்து, புனிதப் பாதையில் ஓட்டப் பந்தயமா என்று எழுதிக் குரூப்பில் போட்டுவிட்டான். போட்டதும் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. நாலு பேர் கும்பிடு போட்டார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள், யாரோ சிலுவைப்பாடு நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை என்று செய்தி போட்டார்கள், படம் மேலே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நீ வந்தாய். யாரும் குற்றம் சாட்டாத இடத்தில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டாய். நீ மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஜோஸ்வா, அது குற்றமாயிற்று.

குடும்பத்து சார்பாக என்றாயே, அந்தக் குடும்பத்தில் நான் இல்லையா? என் சார்பாகப் பேச உன்னை யார் அனுப்பினார்கள்? உன் மானம் போகிறது என்று உனக்குத் தோன்றியிருக்கும், அங்கே இருக்கிற நம் ஊர்ப் பையன்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியிருக்கும். நீ அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அரைக் கால்சட்டையோடு ஓடுகிறாய், அக்சிலியாவும் ஓடுகிறாள், கழுத்தில் மெடலோடு இரண்டு பேரும் நிற்கிற படத்துக்கு முதல் ஹார்ட் போட்டது நான். மருமகள் ஓடுவது உனக்குப் பெருமை, அம்மா ஓடுவது உனக்கு அவமானம். அவள் ஓடட்டும், நன்றாக ஓடட்டும், எனக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. கோபமெல்லாம் உன்மேல்தான்.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பங்குப் பேரவை கூடி, கரட்டுப் பாதையில் ஓடுவதும் உடற்பயிற்சி செய்வதும் கூடாது என்று முதல் நிலைக்குப் பக்கத்தில் பலகை வைத்துவிட்டார்கள், பெயின்ட் காயவில்லை அதற்குள் நட்டுவிட்டார்கள். ஃபாதரிடம் போனேன், நீங்கள்தானே ஓடலாம் என்றீர்கள் என்று கேட்டேன். உங்கள் மகனே ஒப்புக்கொண்ட பிறகு நான் எப்படிம்மா மறுத்துப் பேசுவது என்று தலையைச் சொறிந்தார். தனப்பிரியா நம் கோயில்காரி இல்லை, ஆனாலும் சனிக்கிழமை தோறும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள், அவள் புருஷன் கதிர்வேல், பெத்த பையனே வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறான், உனக்கு என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று அவளை நிறுத்திவிட்டான். காலையில் அவள் வாசலில் நின்று நான் போவதைப் பார்க்கிறாள். அவளை நிறுத்தியது கதிர்வேல் என்று நீ நினைத்துக்கொள்ளாதே, நீதான். அப்பா என்னடாவென்றால், பையன் நல்லதுக்குத்தானே சொன்னான், ஞாயிறு மறுபடி பேரவை கூடும் வரைக்கும் பொறுத்துக்கொள் என்கிறார். அன்றைக்குச் சொட்டு மருந்தை அவரையே விட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை மட்டும் கோபம் இல்லாமல் சொல்லப் பார்க்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போனதெல்லாம் எதற்காகவாவதுதான். ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, உன் பள்ளிக்கூடத்துக்கு, பூசைக்கு, எழவுக்கு, கல்யாணத்துக்கு. யாருக்கும் எதுவும் வாங்காமல், யாரையும் பார்க்காமல், சும்மா போய்விட்டு சும்மா வருவது இந்த ஒன்றுதான். செபமாலை சொல்லிக்கொண்டே ஓடினேன் என்று பேரவையில் சொல்லு, விட்டுவிடுவார்கள் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். செபம் செய்ய எனக்குக் கோயில் இருக்கிறது. நான் ஓடுவதற்காகத்தான் ஓடினேன். மேலே போய்த் திரும்பும்போது காற்று முகத்தில் அடிக்கும், கீழே காடெல்லாம் மஞ்சளும் மரவள்ளியுமாகத் தெரியும், அப்போது என் மனசு இருக்கிற மாதிரி வேறு எப்போதும் இருந்ததில்லை. அதை நீ ஒரு வாய்ஸில் எடுத்து ஊரிடம் கொடுத்துவிட்டாய்.

இன்றைக்குக் காலையில் நான் ஓடினேன். பலகையைத் தாண்டித்தான் ஓடினேன். கெபிக்குப் பக்கத்தில் இன்னாசிமுத்து அண்ணன் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினார். "ஏனம்மிணி, உங்க பையனே தப்புன்னு ஒத்துக்கிட்டான், நீ எதுக்கு இன்னும் மல்லுக்கு நிக்கிற?" என்றார். எனக்கு மூச்சு வாங்கியது, வாங்கி முடிக்கும் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் பேசினேன். "மன்னிப்புக் கேட்டது எம்பையனுங்கண்ணா. நான் கேக்கலீங்க. கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க." அவர் வண்டியை எடுக்கவில்லை. நான் சுற்றிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன், பயத்தில் அழவில்லை. ஊர்க்காரர் ஒருவர் முன்னால் என் பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேசும்படி ஆகிவிட்டதே என்றுதான் அழுதேன்.

குருத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேரவை மறுபடி கூடுகிறது, பலகை இருப்பதா எடுப்பதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள், என்னையும் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுந்து வாயைத் திறந்ததும் உன் குரலைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அதனால் சனிக்கிழமைக்குள் அதே குரூப்பில், அதே மாதிரி உன் வாயால் பேசி அனுப்பு. எங்கம்மா ஒரு தப்பும் செய்யவில்லை, நான்தான் அவங்களைக் கேட்காமல் பேசிவிட்டேன், நான் கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். சுற்றி வளைக்காதே, உடம்புக்கு நல்லது டாக்டர் சொன்னார் என்றெல்லாம் எனக்காகக் கெஞ்சாதே. எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். நீ அனுப்பினால் தனப்பிரியா கதிர்வேலிடம் அதைப் போட்டுக் காட்டுவாள். நீ அனுப்பாவிட்டாலும் நான் ஓடுவேன், தனியாக ஓடுவேன், ஆனால் உன் போனை எப்போது எடுப்பேன் என்று எனக்கே தெரியாது.

பாப்பாவுக்கு ஓமத்தண்ணீர் மறக்க வேண்டாம். பெரிய வெள்ளியன்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருங்கள், அக்சிலியாவுக்கு உடம்பு முடியாவிட்டால் அவளைக் கட்டாயப்படுத்தாதே. என்ன கோபம் இருந்தாலும் உங்கள் மூன்று பேர் பேரையும் சொல்லாமல் நான் இராத்திரி சிலுவை போட்டுப் படுப்பதில்லை. மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் வேலையும் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் செழிக்கட்டும். சனிக்கிழமை என்பதை மறக்காதே, உங்கள் ஊர்ச் சனிக்கிழமை அல்ல, எங்கள் ஊர்ச் சனிக்கிழமை.

இப்படிக்கு,
தனக்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிராத உன் அம்மா,
சகாயம்மாள் ராயப்பன்.