சீனிக்குக் கொடுத்த அரைப் பனடோல்

என் செல்ல அம்மா,

உன் பூனை சீனி ஹட்டனில் ஒரு மிருக வைத்தியரிடம் கிடக்கிறாள். இன்று டாக்டர் போன் பண்ணிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சும்மா உட்கார்ந்து காத்திருக்க முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உடம்பு கொதித்தது. டின் மீனைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மீன் அவளுக்கு, குழம்பு அப்பாவுக்கு என்று நீ பங்கு போடுவாயே, அதே மீன்தான். நான் மஸ்கெலியாவில் துணிக்கடை வேலைக்குப் போயிருந்தேன். நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தலைவலிக்கும் பனடோல், காய்ச்சலுக்கும் பனடோல், மனக்கவலைக்கும் பனடோல். அப்பா பாதி மாத்திரையைப் பாலில் கரைத்து, மடியில் வைத்து ஊட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை அவள் முகம் வீங்கியிருந்தது. ஈறெல்லாம் சாக்லெட் நிறம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். டவுனில் இருக்கும் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். பூனைக்கு மருந்து ஏற்ற அவரிடம் வசதி இல்லையாம். "ஹட்டனுக்குக் கொண்டு போங்க, இப்பவே போங்க" என்றார். அந்த 'இப்பவே'யைக் கேட்டதும் மரக்கறிக் கூடையில் துண்டை விரித்து அவளைப் படுக்க வைத்து, ஆட்டோ பிடித்தோம்.

ஹட்டன் டாக்டர் சிங்களவர். ஈறைப் பார்த்ததுமே என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பூனைக்குப் பனடோல் விஷம், ஒரு துண்டுகூடக் கொன்றுவிடும், நேற்றே வந்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் படபடவென்று சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் அப்பா.

"நெஞ்சுல சளியாம்ப்பா. மருந்து ஏத்துனா சரியாயிருமாம்."

முன்பணம் கேட்டார்கள். அப்பா உன் வருஷத் திவசத்துக்கு ஒதுக்கிய பணத்தைக் கொண்டுவந்திருந்தார். லயத்துக்கே சோறு போட வைத்திருந்த பணம். யோசிக்காமல் எடுத்து நீட்டினார். பூனைக்கு வைத்தியம், பொண்டாட்டி திவசத்துக்கு வெறும் வடையும் தேத்தண்ணியுமா என்று நாலு பேர் பேசத்தான் போகிறார்கள். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். மீனைப் பங்கு போட்டவள்தானே நீ.

பஸ்ஸில் திரும்பும்போது நோர்வூட் தாண்டியதும் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"பனடோல்னுதானே சொன்னாரு அந்த டாக்டரு. சிங்களத்துலயும் அது பனடோல்தானே புள்ள."

நான் துண்டை மடித்து வெறும் கூடைக்குள் வைத்தேன்.

"உங்கம்மாவுக்கு நெஞ்சு வலிச்சப்பவும் பனடோலக் குடுத்து, விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு படுக்க வச்சது நான்தானே. மறுநா ஆஸ்பத்திரி டாக்டரும் ஏன் நேத்தே கூட்டிட்டு வரலன்னுதான் கேட்டாரு. நீ என்கிட்ட, ஒன்னும் பண்ணியிருக்க முடியாதாம்ப்பான்னு சொன்ன. எனக்கு அன்னைக்கே வெளங்குச்சு."

அம்மா, ஒரு வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவர் என் எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார். நான் அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரா?

இப்போது வாசலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் சுட்டு வைத்த ரொட்டி அப்படியே இருக்கிறது. சீனி பிழைப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போய்விட்டால் இவர் என்ன ஆவார்? இந்தப் பயத்தை வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். போன் வந்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் எடுப்பேன். டாக்டர் சொல்வது நல்லதோ கெட்டதோ, ஒரு சொல் மாற்றாமல் தமிழில் சொல்வேன். சொல்லிவிட்டு அவர் கையை விடமாட்டேன்.

அப்பாவிடம் இனிப் பொய் சொல்லாத உன் மகள்,
செல்வி