கரும்பலகையின் கீழ்ப்பாதி

அக்டோபர் 31, 2025
காலையில் தியாகதுருகம் பேருந்து நிறுத்தக் கரும்பலகையில் ‘இன்று’ எழுதினேன். 1517: விட்டன்பர்க் தேவாலயக் கதவில் மார்ட்டின் லூத்தர் ஒட்டிய தொண்ணூற்றைந்து வாதங்கள். 1984: பிரதமர் இந்திரா காந்தி படுகொலை. ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஊருக்குச் செய்யும் தொண்டு. ஊர் இதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஜெராக்ஸ் கடை வெற்றிவேலும் வாட்ஸ்அப்பில் இதையேதான் செய்கிறான். இன்று, ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதிய சுவரைப் படம்பிடித்து, ‘அந்தத் தேவாலயக் கதவில் இப்படி எழுதியிருந்தால் ஐரோப்பா என்னவாகியிருக்கும்?’ என்று கேட்டிருக்கிறான். மணிமொழி வெங்காயம் அரிந்துகொண்டே சிரித்தாள். என் மனைவி. என் பலகையைப் படித்து அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

நவம்பர் 3
நல்ல நகைச்சுவைதான் அது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

நவம்பர் 7
நூலக வாசகர் வட்டச் செயலாளர் தமிழழகன் ஃபோன் செய்தார். 26ஆம் தேதி, மாவட்டம் பிறந்த நாள் கூட்டம். ஒரே ஒரு சொற்பொழிவு. “நீங்களா வெற்றிவேலான்னு கமிட்டியில இழுபறியா கீதுங்க சார். ஒருநாள் வந்து போர்டைப் பாத்துட்டு சொல்றேன்.”

சரித்திரத்துக்கும் ஜெராக்ஸுக்கும் இழுபறி!

நவம்பர் 10
தினமும் என் பலகையருகே பைக்கை நிறுத்துகிறான் வெற்றிவேல். படிக்கிறானா, திருடுகிறானா? அவன் தொழிலில் இரண்டும் ஒன்றுதானே.

நவம்பர் 11
பொறி வைத்தேன். 1936இன் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் நவம்பர் 12இல் வந்தது. வேண்டுமென்றே இன்றைய தேதியின் கீழ் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவன் அப்படியே போட்டால் மாட்டினான். நான் போய் அழித்துவிடலாம். கோயில் வாசலில் தலைமுறை தலைமுறையாக நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் நாளை, எலிப்பொறிக்கு வடையாக வைத்த வாத்தியார் நான் ஒருவன்தான்.

அவன் ஸ்டேட்டஸ் வந்தது. 1918: முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். சரியான தகவல். பாவி.

அதற்குள் தமிழழகன் ஃபோன்: “சார், உங்க போர்டு முன்னாலதான் நிக்கிறேன்.”

செருப்பு மாட்டாமல் ஓடினேன். இப்ப இன்னா செய்றது? அவர் எதிரிலேயே எப்படி அழிக்கிறது?

பலகையில் என் வரிக்கு முன்னால் ஒரு சொல் முளைத்திருந்தது: ‘நாளை’.

“நாளைக்கு இன்னான்னு இன்னிக்கே சொல்றீங்களே, புதுசா கீதுங்க சார். நீங்களே பேசிடுங்க” என்றார்.

அவர் போனதும் பூக்கடை காசியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “வெற்றிவேலுதான் எழுதிக்கினு இருந்தான் வாத்தியாரே. இன்னாடான்னேன். ‘சாருக்கு வயசாயிடுச்சுக்கா, தேதி மாறிப்போச்சு. வெளிய சொல்லிக்கினு திரியாதே’ன்னான். நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?”

இட்லிக் கடை வரைக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

எனக்கு மறதி இல்லை, அயோக்கியத்தனம்தான் — இதை ஊருக்கு எப்படி விளக்குவது?

நவம்பர் 12
1930: லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடக்கம். 1936: ஆலயப் பிரவேசப் பிரகடனம். சரியான நாளில் எழுதினேன்.

மதியம் வல்லாரைத் துவையல். இதென்ன திடீரென்று என்றேன். “ஞாபகத்துக்கு நல்லதுங்க” என்றாள் மணிமொழி.

நவம்பர் 19
எட்டாவது நாளாக வல்லாரை.

நவம்பர் 26
1949: அரசியல் சட்டம் ஏற்பு. 2019: கள்ளக்குறிச்சி மாவட்டம் உதயம். இரண்டையும் பேசினேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து வெற்றிவேலும் தட்டினான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அந்த ‘நாளை’ வெற்றிவேல் எழுதியது. எனக்கு மறதி இல்லை. அவனை மாட்டிவிடத்தான் தேதியைத் தப்பாக எழுதினேன்” என்றேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மணிமொழியும்தான். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்.

வாசலில் அவன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். “எனக்கு அன்னிக்கே தெரியுங்க சார். பன்னண்டாந்தேதின்னு பத்தாவதுல எங்களுக்கு நடத்தினதே நீங்கதான? உங்களுக்குப் போயி அது மறக்குமா?”

“அப்புறம் ஏன்டா வயசாயிடுச்சுன்னே?”

“வேற இன்னான்னுங்க சொல்றது?”

நவம்பர் 27
பலகையின் கீழ்ப்பாதியை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். அதில் ‘நாளை’ அவன் எழுதுவான். மேல்பாதி என்னுடையது. மேலே இருப்பதைத்தானே முதலில் படிப்பார்கள்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் இன்று குனிந்து படித்தார்கள்.