செவலையும் மூச்சுச் சத்தமும்

ஐப்பசி 12, வெள்ளி

விடியலிலிருந்து மழை. கோழிக்கூட்டின் நாலு பக்கமும் கோணிச்சாக்கு கட்டி முடித்தேன். இனிச் சாரல் உள்ளே போகாது. கருப்பி, வெள்ளச்சி முட்டை தலா ஒன்று. மொட்டைவால் இடவில்லை.

பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா வேலிக்கு மேலே ஒரு செவலைப் பெட்டையை நீட்டினார்.

"எங்கிட்ட ஆறு இருக்கு. இத நீ வச்சுக்க செல்லம்மா, பேச்சுத் துணைக்கு."

"கோழி பேசுமாக்கா?"

"நான் பேசுறதுல பாதி பேசினாப் போதும்லா."

விளக்கு வைத்ததும் சாம்பிராணி. வீட்டுக்கு, கிணற்றடிக்கு, கூட்டுக்கு. என் வீட்டுக்காரர் கப்பலில் ரங்கூன் போய்த் திரும்பும்வரை செவ்வாய், வெள்ளி தவறாமல் போடுவதாக முருகனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி 13, சனி

கூட்டைத் திறந்தால் கர் கர் என்று மூச்சுச் சத்தம். நாலுக்கும். கண்ணில் நீர். செவலைக்கு அதிகம். புதிதாக வந்தது அது ஒன்றுதான்.

பார்த்தவை: எச்சம் சரி, வெள்ளைக் கழிச்சல் இல்லை. கொண்டை சிவப்பு. தீனிப்பை இளக்கம். முகத்தில் கொப்புளம் இல்லை. சளி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சளி என்றால் முகம் வீங்கும், மூக்கு நாறும். நாறவில்லை.

சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்து ஆளுக்கு ஓர் உருண்டை. இனி தினமும்.

ஐப்பசி 16, செவ்வாய்

திங்கள் முதல் தேவலை. இருந்தாலும் சீக்கு பட்ட கூடு. இன்று சாம்பிராணி இரண்டு பங்கு, வேப்பிலையும் சேர்த்து. புகை நின்று வேலை செய்யட்டும் என்று சாக்கை அடிவரை இறக்கி முடிந்தேன்.

அவரிடமிருந்து கடிதம் இல்லை.

ஐப்பசி 17, புதன்

வெள்ளச்சி போய்விட்டது. மற்றவை வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

செவலையின் காலைக் கட்டி வேலிக்கு எடுத்துப் போனேன்.

"இந்தாங்க. உங்க வீட்டுச் சீக்கு உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"எங்கூட்டுல ஒண்ணாவது செருமுதா, வந்து பாரு."

"வயித்தெரிச்சல்ல குடுத்தது வேற எப்படி விளங்கும்?"

சொல்லிவிட்டேன். அக்கா நின்றபடியே செவலையின் கால் கயிற்றை அவிழ்த்தார்.

ஐப்பசி 19, வெள்ளி

நாளெல்லாம் மழை. பேசியது மீன்கார அண்ணனோடு மட்டும். "கெம்போங் மீன் வேணுமா? நம்மூரு கானாங்கெளுத்திதான்." "வேணாம்." அவ்வளவு.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா குரல்: "தின்னுடி ராணி. உனக்கு ஒண்ணுமில்ல." செவலையைத்தான் சொல்கிறார். அது கொக்கரித்தது, தெளிவாக.

கரி நனைந்துவிட்டது. சாமிக்கு மட்டும் ஒரு பொட்டுப் புகை. கூட்டுக்கு இல்லை. முருகா, பொறுத்துக்கொள்.

ஐப்பசி 20, சனி

மூச்சுச் சத்தம் இல்லை. இரண்டும் நன்றாகத் தீனி எடுத்தன. உருண்டை மருந்து பிடித்துவிட்டது.

தனியாக ரசம் வைத்தால் மிஞ்சுகிறது. முன்பெல்லாம் ஒரு கிண்ணம் வேலி தாண்டும்.

ஐப்பசி 23, செவ்வாய்

வெயில். கரி காய்ந்தது. முழுச் சாம்பிராணி, கூட்டுக்கும்.

ஐப்பசி 24, புதன்

மறுபடியும் மூச்சுச் சத்தம்.

நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். மருந்து தினமும் கொடுத்திருக்கிறேன். செவலை போய் ஏழு நாள். சத்தம்: சனி, புதன், புதன். முந்தின நாள்: வெள்ளி, செவ்வாய், செவ்வாய். நடுவே ஒரு சனி சத்தமில்லை. அதற்கு முந்தின வெள்ளி கரி நனைந்த நாள்.

சாக்கு கட்டியது எந்த நாள்? செவலை வந்த அதே நாள். அதற்கு முன் எத்தனையோ மாதம் புகை போட்டிருக்கிறேன், கூட்டின் மரச்சட்டங்களுக்கு நடுவே வெளியேறிவிடும்.

சீக்கே இல்லை. புகை. வெள்ளச்சியைக் கொன்றது நான்தான்.

மாலை வரை ஒரு வேலையும் ஓடவில்லை. அக்கா வீட்டில் ஆணி அடிக்கும் சத்தம். புதுக் கூடு செய்கிறார்கள் போல. போய்ச் சொல்ல வேண்டும். நாளை.

ஐப்பசி 25, வியாழன்

போகவில்லை. வேலிவரை போனேன். துணி காயப் போடுவதுபோல் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஐப்பசி 26, வெள்ளி

சாக்கை மேல்பாதி அவிழ்த்துவிட்டேன். புகை வீட்டோடு சரி. கூட்டுக்கு முன் கைகூப்பி நின்று, அவ்வளவுதான் முருகா என்றேன். வாக்கு தவறியதாகாது என்று நினைக்கிறேன். பயம் இருக்கிறது.

ஐப்பசி 27, சனி

காலை: மூச்சு சுத்தம். இரண்டுக்கும்.

முட்டை மூன்று எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். கூடத்தில் பலகைப் பெட்டிகள். கூடு இல்லை, பெட்டி.

"எங்க வீட்டுக்காரருக்கு தைப்பிங் ஊருல கிராணி வேல, ஆபீசுல கணக்கு எழுதணும். செவ்வாக்கிழமை படகு, அப்புறம் ரயிலு."

"எங்கிட்ட சொல்லலியேக்கா."

"நீ வேலிப் பக்கம் வந்தியா?"

சொன்னேன். சாக்கு, சாம்பிராணி, கிழமைக் கணக்கு, எல்லாம். கடைசியில், "உங்க கோழி இல்லக்கா. நான்தான்."

அக்கா ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். "பத்து நாளா நான் இதுங்க மூக்கையெல்லாம் மோந்து பாத்துக்கிட்டுத் திரியிறேன். வீட்டுக்காரரு எனக்குக் கிறுக்குன்னாரு." பிறகு, "வயித்தெரிச்சல்னியே. அதையும் நோட்டுல எழுதினியா?"

"எழுதினேன்."

"எழுதியே இருக்கட்டும்."

முட்டையை வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி 30, செவ்வாய்

காலையில் அக்கா வீட்டுக்கு மாட்டுவண்டி வந்தது. மற்றக் கோழிகளை விற்றுவிட்டார்களாம். செவலையை மட்டும் கையில் கொடுத்தார். "ரயில்ல இது கத்தும். நீயே வச்சுக்க. புகை போடாத." கால் கட்டாமல் இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தேன்.

சாம்பிராணி: வீட்டுக்கு மட்டும்.

கார்த்திகை 1, புதன்

மழை இல்லை. மூச்சுச் சத்தம் யாருக்கும் இல்லை. கருப்பி ஒன்று, மொட்டைவால் ஒன்று. செவலை முதல் முட்டை, சின்னது, ஓட்டில் கொஞ்சம் ரத்தம். கையில் எடுத்துக்கொண்டு அக்காவிடம் காட்ட வேலிவரை போய்விட்டேன்.